வெந்த இரும்பு

"இது ஒடஞ்சுதான் ஒரு மனுஷனுக்குக் கால் போச்சு. நல்லாப் பாரு!"

ஒடிந்த பஸ் ஷாஃப்ட் துண்டை மேஜைமேல் ணங்கென்று வைத்தார் ஆசிட்காரர்.

தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். சாணை பிடித்து வரும் எந்த ஷாஃப்டையும் ஆசிடில் முக்கிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். அதனால் வந்த பெயர். "வீட்ல கரண்டியைக்கூட முக்கிப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

எதிரே, இருபது வருஷமாகச் சாணை மெஷினில் நிற்பவர் தலை குனிந்து நின்றார். நடுவில் மேனேஜர்.

ஆசிட்காரர் துண்டை ஆசிடில் முக்கி எடுத்தார். வெள்ளியாய் மின்னிய பரப்பில் கறுப்பாக ஒரு பட்டை எழும்பியது.

"பாத்தீங்களா சார்? சாணைக் கல்லை அழுத்திப் பிடிச்சிருக்கான். சூட்டுல இரும்பு வெந்துடுச்சு. மேல பளபளன்னு இருந்தா போதுமா? வெந்த எடத்துலதான் விரிசல் விட்டிருக்கு."

"இது உங்க கையத் தாண்டித்தானே போயிருக்கும்?" என்றார் மேனேஜர்.

"என் கைக்கு வந்திருந்தா தாண்டியிருக்காது சார். எனக்குத் தெரியாம பெட்டியில போட்டுட்டான்."

மேனேஜர் திரும்பினார். "என்னய்யா சொல்றே?"

"என் தப்புதான் சார்" என்றார் சாணைக்காரர்.

"ஒத்துக்கிட்டா ஆச்சா? பஸ் டிரைவருக்குக் கால் முளைச்சிடுமா?" ஆசிட்காரர் விடவில்லை.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்று பேச்சை முடித்தார் மேனேஜர்.

ரிப்போர்ட்டோடு இணைக்க, அந்த நாளின் சாணை நோட்டைத் தேடி எடுத்தார் ஆசிட்காரர்.

'இருபத்தேழாவது ஷாஃப்ட் கருகின மாதிரி இருக்கு. ஆசிட்ல பாக்காம அனுப்ப வேண்டாம்.' சாணைக்காரரின் கோணல் எழுத்து.

பக்கத்தின் அடியில், 'பார்த்தாச்சு, அனுப்பலாம்' என்று ஆசிட்காரரின் கையெழுத்து. பேக்கிங்கில் அதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

தேதியைப் பார்த்தார். அன்றைக்குக் காலையில், வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியது ஞாபகம் வந்தது.

கேட்டுக்கு ஓடினார். டிபன் பாக்ஸோடு வெளியே போய்க்கொண்டிருந்தார் சாணைக்காரர்.

"யோவ், நில்லுய்யா! உள்ள வா. மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். அவ்வளவு திட்டினேனே, ஏன்யா வாயத் தொறக்கல?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்ததும், 'கையெழுத்து போட்டுட்டு ஓடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்'னு உங்களத் துரத்திவிட்டதே நான்தானே? இப்ப அத வெளிய சொன்னா, நீங்க உங்க வீட்டம்மாவக் கடைசியா ஒரு தடவ பாக்கப் போனதே தப்புன்னு ஆகிடாதா சார்?"