சீர் சோபா

பிரவீனாவின் பிறந்த வீட்டுச் சீராகச் சாம்பல் நிறச் சோபா வந்து ஆறு நாள் ஆகிறது. ஆர்.எஸ்.புரம் கடைக்கு அவளைக் கூட்டிவந்த மாமியார் பூப்போட்ட குஷன்களை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக விழும் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. “சம்பந்தி புத்தம்புதுசா எடுத்துக் குடுத்ததுங்க. அதுக்கு ஏத்தாப்பல காட்டுங்க,” என்கிறார். “சோபாத் துணியில ஒரு துண்டு இருந்தா நிறம் சேர்த்துப் பாக்கலாங்க. எடுத்த கடையில கேட்டாக் குடுப்பாங்க,” என்கிறார் கடைக்காரர். “எந்தக் கடை கண்ணு? உங்கப்பாவையே கேட்டுப்போடறேன்,” என்று மாமியார் பிரவீனாவிடம் சொல்லிவிட்டுப் போனை எடுக்கிறார். பிரவீனா செவ்வந்திப்பூக் குஷனை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அதன் ஜிப் விரலில் அழுந்துகிறது. போன் மணி அடிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்கிறது. “வெச்சுருங்க அத்தை. அது பழைய சோபாங்க. அப்பா துணி மட்டுந்தான் புதுசா மாத்துனாருங்க.”