மீன் வாடை

மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு என் கூடாரத்துக்குள்ளேயே கவிழ்த்தேன். கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிற்றில் என் காலே மாட்டிக்கொண்டது. நான் போட்ட முடிச்சுகளில் அவிழாமல் நின்றது அந்த ஒன்றுதான்.

பாப்பா கைதட்டிச் சிரித்தாள். மனைவிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்தவள், ஏழு வயது. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறாள்.

காட்டு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று மனைவி சொன்னபோது நான் சந்தோஷத்தில் குதித்தேன். ஊர் திரும்புவதற்குள் அந்த வாயிலிருந்து ஒரே ஒரு 'அப்பா' வாங்கிவிட வேண்டும். அதற்காக இன்னும் பத்துச் சட்டி கவிழ்க்கவும் நான் தயார்.

"விடுங்க, காஞ்சிடும்," என்றாள் மனைவி. வீட்டில் கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தாலே என்னை வாசலில் நிறுத்துகிறவள். காட்டுக் காற்று யாரையும் சாந்தமாக்கிவிடும் போல.

ரோந்து வந்த வனக் காவலர் மூக்கைச் சுளித்தார். "சார், இங்க கரடி நடமாட்டம் இருக்கு. மீன் கழிவை அதோ, அந்த இரும்புப் பெட்டியில போட்டு மூடிடணும். இந்தக் கூடாரத்தையும் பிரிச்சு, தள்ளிக் கட்டுங்க."

"இவர் ஒரு தடவை கட்டினதே உலக அதிசயம் சார்," என்றாள் மனைவி. "நான் துடைச்சு விட்டுடறேன். நானும் பாப்பாவும் வண்டியில படுத்துக்கறோம். இவர் குறட்டைக்குக் கரடியே ஊரைக் காலி பண்ணிடும்."

நான் மட்டும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தபோது, பாப்பா என் கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். "அங்கிள், உங்க படுக்கையை விரிச்சுட்டேன்." அவளை வாரித் தூக்கக் கையை நீட்டினேன். சுள்ளியெல்லாம் என் காலிலேயே விழுந்தது.

பொழுது சாயும்போது காவலர் மறுபடி வந்தார். பெட்டியைத் திறந்தார்; காலி. நேராக என் கூடாரத்துக்குள் குனிந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, தலையணையைத் தூக்கினார்.

அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மீன் தலைகள், குடல். நான் கொட்டிய தண்ணீரின் நாற்றத்தில் இது தனியாகத் தெரியவே இல்லை.

"யார் வெச்சது?"

பாப்பாவின் உதடு துடித்தது.

"நான்தான் சார்," என்றேன். "காலையில தூண்டிலுக்கு ஆகுமேன்னு..."

"உசுரு மேல ஆசையே இல்லையா உங்களுக்கு? ராத்திரி அது வந்திருந்தா முதல்ல உங்க மூஞ்சிதான்யா!" வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். மனைவி வண்டிக்குள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாவைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிப்போய், எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன, அவள் சிரிக்கவில்லை.

"அங்கிளைப் பிடிக்கலையாடா? கரடி தூக்கிட்டுப் போகட்டும்னு நெனச்சியா? திட்ட மாட்டேன். உண்மையைச் சொல்லு."

அவள் வண்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்.

"அம்மாதான் வெக்கச் சொன்னாங்க. நீங்க அங்க படுக்காதீங்க, அப்பா."