எதிர்க்கட்சியும் மூன்று ஜன்னல்களும்

"மறந்துகூட அந்த மூணாவது ஜன்னல் வேணும்னு வாயத் திறந்துடாதே. திறந்தா, அது இந்த வீட்டுப் படி ஏறாது," என்று மருமகளின் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தார் மாமியார்.

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மாமனாருக்கு அந்த வீட்டில் 'எதிர்க்கட்சி' என்று பெயர். சூட்டியவர் மாமியாரேதான். அவர் ஆம் என்றால் இவர் இல்லை என்பார். இல்லை என்றால் ஆம் என்பார். சுவருக்கு வெள்ளையே போதும் என்று மாமியார் சொன்னபோது இளமஞ்சள் பூசச் செய்தார். இந்த வயதில் கண்ணாடி எதற்கு, எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது என்றபோது, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். முப்பத்தைந்து ஆண்டுகளாக இதே கூத்து.

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை இப்போது ஜன்னலில் வந்து நின்றிருந்தது. சமையலறை ஜன்னல், சாயம் பூசிப் பூசியே சட்டத்தோடு ஒட்டிப்போய், அதைத் திறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வாணலி காய்ந்தால் புகை போக வழியில்லை. மாமியாருக்கோ இழுப்பு. இந்த முறையாவது முழுதாகத் திறக்கும் ஜன்னல் அமையாவிட்டால், இருக்கும் காலமெல்லாம் இருமல்தான்.

கூடத்து மேசைமேல் ஜன்னல்காரர் மூன்று மாதிரிகளைப் பரப்பியிருந்தார். ஒன்று, பக்கவாட்டில் தள்ளுவது. இன்னொன்று, திறக்கவே முடியாத முழுக்கண்ணாடி. மூன்றாவது, கதவைப் போல வெளிப்புறம் விரியத் திறப்பது. உட்புறம் கொசுவலையும் உண்டு. வீட்டுப் பிள்ளை, இந்த வம்பே வேண்டாமென்று காலையிலேயே அலுவலகத்துக்கு ஓடிவிட்டான். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"எனக்குத் தள்ளுற ஜன்னல்தான் பிடிச்சிருக்கு," என்று மாமியார் தொடங்கினார்.

"அது பாதிதானே அத்தை திறக்கும்? போதாததுக்கு அந்தப் பள்ளத்துல தூசி அடையும். தினம் குச்சி வெச்சு நோண்டுறது யாரு? முழுக்கண்ணாடியே போடலாம். ஜம்முனு இருக்கும்."

"ஜம்முனு இருக்குமா! என்னை மீன் தொட்டிக்குள்ள நின்னு சமைக்கச் சொல்றியா?"

"மீனாவது சண்டை போடாம இருக்கும் அத்தை."

"கேட்டீங்களா ஜன்னல்காரரே, எவ்வளவு வாய் பாருங்க!"

மீன் பேச்சு ஒத்திகையில் இல்லாதது. மாமியாரின் உதட்டோரம் துடித்தது. ஜன்னல்காரர் மிகுந்த கவனத்தோடு தம் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தித்தாள் மடிந்தது. மாமனார் எழுந்து வந்து, தள்ளும் ஜன்னலைக் கையில் எடுத்தார். இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். "ம்... பரவாயில்லையே," என்றார்.

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆனா உனக்கும் விவரம் போதாது, அவளுக்கும் போதாது," என்று அதைக் கீழே வைத்தார் மாமனார். "மூணாவதையே போடுங்க. சமையலறைக்கு முதல்ல."

"ஐயோ, அதுவா? காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக்குமே!"

"கொக்கி எதுக்கு இருக்கு?"

"சாரல் உள்ள வருமே!"

"வந்தா சாத்திக்கோ."

"எனக்கு அது வேண்டவே வேண்டாம்!"

"அப்ப அதேதான். பேச்சு முடிஞ்சுது," என்று மேசையைத் தட்டினார் எதிர்க்கட்சி.

சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மாமியார் மருமகளின் இரு கைகளையும் பற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாத்தியா! இத்தனை வருஷத்துல இந்த வித்தை ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. பாவம், மனுஷன் இன்னும் கண்டுபிடிக்கல!"

வெளியே வண்டியின் ஓசை கேட்கவே, மருமகள் வாசலுக்கு விரைந்தாள். மாமனார் ஜன்னல்காரரை வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

"அளவே எடுக்காமக் கிளம்புறீங்களே?" என்றாள்.

ஜன்னல்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் வானத்தைப் பார்த்தார்.

"அளவு போன வாரமே எடுத்தாச்சும்மா, நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்த அன்னைக்கு. மூணாவது மாதிரியில பாதி வேலையும் முடிஞ்சுது. சார்தான், இன்னைக்கு ஒரு தடவை வந்து மூணையும் காட்டிட்டுப் போங்கன்னு சொன்னார்," என்று சொல்லி முடிக்குமுன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தார் அவர்.

"மாமா!"

"மெதுவா. உள்ள கேட்டுடப் போகுது," என்றார் எதிர்க்கட்சி. "உன் அத்தை இருமுறது எனக்குக் கேக்காதா? கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவை, 'இது எனக்கு வேணும்'னு கேட்டா. ஏதோ நினைப்புல இருந்தவன், வெடுக்குன்னு முடியாதுன்னுட்டேன். அன்னையிலேருந்து அந்த வார்த்தையே அவ வாயில வந்ததில்லை. எது வேணுமோ அதத்தான் வேண்டாம்பா. நான் எதிர்த்துப் பேசலைன்னா அவளுக்கு எதுவுமே கிடைக்காதேம்மா."

சமையலறையில் மாமியார் வெற்றிக் களிப்பில் பாட்டொன்றை முணுமுணுப்பது வாசல்வரை கேட்டது.

"அத்தைகிட்ட நான் எதுவும் சொல்லப் போறதில்லை மாமா," என்றாள் மருமகள். "குளியலறைக்கு எந்தக் கல் வேண்டாம்னு மட்டும் கேட்டுட்டு வந்து உங்ககிட்ட சொல்லிடறேன்."