அடுப்பில் அடுக்கிய விறகு

"வடக்கே பனிக்காட்டு நடுவுல ஒரே ஒரு மரவீடு. வேட்டைக்காரங்க கொண்டு வர்ற நரித்தோலு, பீவர் தோலையெல்லாம் வாங்கற கம்பெனிக் கடை," என்றான் திருமூர்த்தி. லைப்ரரியில் படித்த சரித்திரம். அமெரிக்காவின் இர்விங் நகரில் கம்பெனி கொடுத்த அபார்ட்மென்டின் கார்பெட்டில் கண்மூடிக் கிடந்தான்.

சமையலறையில் அவன் மனைவி வான்மதி டப்பாக்களில் அரிசி, பருப்பு நிரப்பி, பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். "அப்புறமுங்க?"

"காவலுக்கு ஒரே ஆளு. பனியப் பார்த்துப் பார்த்துக் கனவும் வெள்ளையா வருமாம். அவன் கிளம்பறப்ப, அடுப்புல காய்ஞ்ச விறகு அடுக்கி, பக்கத்துல தீப்பெட்டி வெச்சுட்டுத்தான் போவான். அடுத்து வர்றவன் யாருன்னே அவனுக்குத் தெரியாது."

"நாம வந்த அன்னிக்கு இங்க உப்புக்கூட இல்லீங்க," என்றபடி அவள் குக்கரைத் துடைத்து அடுப்பில் வைத்தாள்.

வெளியே டாக்ஸியின் ஹாரன் கேட்டது. திருமூர்த்தி எழுந்து, பெட்டிகளை வாசலுக்கு உருட்டினான். வேலை போய்விட்டது, கிரீன் கார்டு வரவில்லை, மதியம் ஊருக்கு ஃப்ளைட்.

கதவைப் பூட்டப் போனவனைத் தடுத்து, வான்மதி உள்ளே ஓடினாள். கைப்பையிலிருந்து குக்கர் வெயிட்டை எடுத்து மூடிமேல் பொருத்தினாள்.

"ஞாபகத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தேனுங்க. பாவம், வர்றவங்க பசியோடதான் வருவாங்க."