சீட்டித் துணிக் கல்யாணம்

“ஒரே பொண்ணு கல்யாணத்துக்குச் சீட்டித் துணியா? அக்கா, உங்களுக்குக் கண்ணு கிண்ணு கெட்டுப்போச்சா?”

கூடத்தில் கூடியிருந்த தங்கைமார் மூவரில் முதலில் குதித்தவள் கடைக்குட்டி கிக்கே.

அஜோகே அசையவில்லை. மணப்பெண் தாயோவைப் பெற்றவள் அவள். கல்யாணத்தில் உறவினர் அனைவரும் ஒன்றுபோல் உடுத்தும் குடும்பத் துணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கே உண்டு.

“நீலத்துல மஞ்சப் பூ. ஆளுக்கு ஆறு கெஜம். அவங்கவங்க காசு குடுத்து வாங்கிக்கணும். பேச்சு முடிஞ்சுது.”

“மிளகா அரைச்சுக் குடுக்கிறவ மக கல்யாணத்துக்கே விலை ஒசந்த லேஸ் துணி கட்டினாங்க!” என்றாள் நடுத்தங்கை யேதுண்டே. “இபாதான் ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். யாரு யாருக்கு எத்தனை பல்லுன்னு தெரிஞ்சுக்கலாம்.”

கிக்கே விடவில்லை. “நாங்க எல்லாரும் லேஸ் வாங்கத் தயாராத்தானே இருக்கோம்? நான் நாளைக்கே காசு குடுத்துடுவேன்!”

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் உண்மையில்லை.

அவள் கணவன் வேலை பார்த்த அச்சகம் சம்பளம் கொடுப்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பால்பொடி டப்பாவிலிருந்து சின்னப் பொட்டலத்துக்கு இறங்கியது. குழம்பில் இறைச்சி போய் மலிவான மாட்டுத்தோல் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. செம்பருத்திப் பானத்தைக் குளிரவைத்து விற்க ஒரு ஃப்ரீசர் இருந்தது. அடுப்பு எரிந்தது அதனால்தான். லேஸ் என்று முடிவானால் அந்த ஃப்ரீசரை விலைக்கு எடுத்துக்கொள்ளும்படி அடுத்த தெருக்காரரிடம் ரகசியமாகச் சொல்லிவைத்திருந்தாள்.

ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. சட்டியில் எது குறைந்தாலும் விசேஷத் துணி குறையாது. குடும்பத் துணி உடுத்தாதவரைப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் பார்க்காமலே கடந்து போவார்கள். மணப்பெண்ணின் சித்திக்கே தட்டு வராமற்போனால்?

பேசாமல் இருந்தால் சந்தேகம் வருமென்று அஞ்சித்தான் அவள் மற்றவர்களைவிட உரக்கக் கத்தினாள்.

“மிச்சம் பிடிச்சு என்ன செய்யப் போறீங்க, அக்கா? மாடி வீடா?”

“ஆமாண்டி. மேல நான் இருப்பேன். கீழ உன்னை வாடகைக்கு வெச்சு, மாசா மாசம் வந்து சண்டை போடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“உண்மையச் சொல்லட்டுமா? லேஸ் என் கழுத்துல அரிக்குது. அதான் வேணாம்.”

“அரிப்பு உங்க கழுத்துக்கு. சீட்டி எங்க உடம்புக்கா?”

“சரியான கஞ்சம்,” என்று யேதுண்டே முணுமுணுத்தாள்.

“கஞ்சமா? மகா கஞ்சம்!” என்றாள் கிக்கே, வாசல்வரை கேட்கும்படி.

அஜோகே சிரித்தபடியே அவள் தட்டில் இன்னொரு கரண்டி ஜொலோஃப் சோற்றை வைத்தாள்.

வீடு திரும்பும் வழியில் கிக்கேவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது. அடுத்த தெருக்காரரை அழைத்து, “ஃப்ரீசர் விக்கறதுக்கில்லைங்க,” என்றாள். அக்காவின் கஞ்சத்தனம் தனக்கு இப்படி உதவும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மறுவாரம் க்பாகி துணிச்சந்தைக்குப் போனாள். அஜோகே வழக்கமாக வாங்கும் கடை ரஷீத் அம்மாவுடையது. கிக்கே அங்கே போவது அதுவே முதல்முறை.

“தாயோ கல்யாணத் துணியா? உக்காரும்மா. நீ அந்த வீட்டுக்கு என்ன வேணும்?”

“தூரத்துச் சொந்தம்.”

கஞ்சத்தின் தங்கை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ரஷீத் அம்மா சீட்டியை அளந்துகொண்டே பேசினாள். “அஜோகே மாதிரி ஒரு மனுஷிய நான் பாத்ததில்ல. எல்லாருக்குமா லேஸ் எடுத்துவெக்கச் சொல்லி முன்பணமும் கட்டிட்டுப் போனா. ரெண்டு நாள்ல திரும்பி வந்து, லேஸ் வேணாம், சீட்டி போதும்னா. ‘முன்பணம் திரும்பாது’ன்னேன். ‘போனாப் போகுது’ன்னுட்டா.”

கிக்கே நிமிர்ந்தாள். “ஏனாம்?”

“தங்கச்சி ஒருத்தி இருக்காளாம். கையில காசில்ல, ரோஷத்துக்குக் குறைச்சலில்ல. லேஸுன்னா பொழப்பையே வித்துட்டு வந்து நிப்பாளாம். ‘அவளுக்கு மட்டும் நீயே வாங்கிக் குடுத்துடேன்’னேன். ‘குடுத்தா மூஞ்சியில வீசிடுவா’ன்னா.”

கிக்கே பையைத் திறந்து காசை எண்ணத் தொடங்கினாள்.

“‘எல்லாரும் உன்னைத் திட்டுவாங்களே’ன்னு கேட்டேன். ‘திட்டட்டும். அவதான் எல்லாரையும்விடச் சத்தமாத் திட்டுவா, அதுவும் தெரியும். பந்தியில அவ என் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான்’னு சொல்லிச் சிரிச்சா.”

ரஷீத் அம்மா துணியைக் கிழித்து மடித்து நீட்டினாள்.

“ஆமா, நீயும் சொந்தம்னு சொல்றியே. அந்தக் குடுத்துவெச்ச தங்கச்சி யாரும்மா?”