ஷெரில்தான் மாத்தணும்

"இவரு எப்படித்தான் சேல்ஸ் மேனேஜர் ஆனாரோ. லேப்டாப்ல ஒரு செட்டிங் மாத்தத் தெரியலை."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சேல்ஸ் ஆள் ஜெயராம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். கேட்ட ஷெரிலுக்குச் சிரிப்பு வந்தது. சுந்தரராமன் சாரைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் பாண்டி பஜார் ஆபீஸில் இன்டர்நெட் ப்ராக்ஸி என்ற இடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரும். வீட்டு டெலிபோன் லைனில் பார்க்க வேண்டுமென்றால் அந்த செட்டிங்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதுவும் திறக்காது. அதனால் சேல்ஸ் ஆட்கள் சாயங்காலமானால் லேப்டாப்பும் கையுமாக அவள் முன்னால் வரிசையில் நிற்பார்கள். காலையில் மறுபடியும் அதே வரிசை.

"யாரும் கை வைக்கப்படாது. ஷெரில்தான் மாத்தணும்." இது சுந்தரராமன் போட்ட சட்டம். அவரும் வரிசையில் நிற்பார்.

ஷெரிலுடையது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை. அப்பா ஆரோக்கியநாதன் படுக்கையில் விழுந்த பிறகு சாந்தோம் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. ஏதாவது செய்துகாட்டினால் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தாள். செய்து முடித்துவிட்டாள். திரையில் இரண்டு சின்னப் படங்கள்: 'ஆபீஸ்', 'வீடு'. எது வேண்டுமோ அதைத் தட்டினால் செட்டிங் தானாக மாறிவிடும்.

"அந்தாளுக்கே புரியற மாதிரி பண்ணிட்டியே. இனிமே நாங்க நேரத்துக்கு ரயிலைப் பிடிப்போம்" என்றான் ஜெயராம்.

சுந்தரராமன் மட்டும் முகம் கொடுக்கவில்லை.

"என் லேப்டாப்ல போடாதேம்மா."

"ரொம்ப ஈஸி சார். ஒரு தட்டுதான்."

"எனக்கு இதெல்லாம் பிடிபடாது. நீயே மாத்திக் குடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்.டி.கிட்ட இப்போதைக்குக் காட்ட வேண்டாம்" என்றார்.

தனக்குப் பேர் வந்துவிடுமே என்று பொறாமை. அப்படித்தான் நினைத்தாள். மறுநாளே எம்.டி.யிடம் காட்டினாள்.

அவர் தானே தட்டித் தட்டிப் பார்த்தார். "பிரமாதம்" என்றவர், சுந்தரராமனைக் கூப்பிட்டார்.

"என்ன சுந்தரராமன், இந்தப் பொண்ணை நிறுத்திடலாம்னு நான் சொல்றப்பல்லாம், அவ இல்லேன்னா வீட்ல யாரும் மெயில் பார்க்க முடியாதுன்னு சண்டைக்கு வருவீங்களே. இப்ப ரெண்டு படம் போதும் போலிருக்கே."



மாதக் கடைசியில் ஷெரிலுக்குக் கணக்கு முடித்தார்கள்.

சொல்லிக்கொண்டு போக சுந்தரராமன் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னார்.

"அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கார் சார்."

மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. பழக்கத்தில் கையை நீட்டினாள். "வீட்டுக்கு மாத்திக் குடுத்துட்டுப் போறேன் சார்."

"வேண்டாம்மா. நாழியாச்சு, நீ பஸ்ஸைப் பிடி."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மௌஸைத் தொடாமல் கீபோர்டிலேயே மளமளவென்று தட்டி, அவள் எழுந்து நிற்பதற்குள் ப்ராக்ஸியை எடுத்துவிட்டு, மூடி வைத்தார்.