மூடியே இருந்த பானட்

“பானட்டைத் திறக்கப் போறியா, இல்லையா?”

கோர்டி போட்ட சத்தத்தில், வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையில் துணியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

லாயிட் தன் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “வேண்டாம் கோர்டி. பாக்குறவங்க வெளியில பாத்துட்டுப் போகட்டும்.”

“கண்காட்சின்னா பானட் திறந்திருக்கணும். எல்லாருக்கும் ஒரு சட்டம், உனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

செப்டம்பர் கடைசி ஞாயிறு. பழைய கார் சங்கத்துக்கு இது இந்த வருஷத்தின் கடைசிக் கண்காட்சி. இதற்குப் பிறகு மின்னசோட்டாவில் பனி உருகும்வரை வண்டிகளுக்குக் கொட்டகைவாசம்தான். சர்ச் மைதானத்தில் எல்லா வண்டியும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, லாயிடின் நீல ஹட்சன் கார் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

ஊரில் மொத்தம் இரண்டே ஹட்சன்தான். ஒன்று லாயிடுடையது, இன்னொன்று கோர்டியுடையது. இரண்டும் ஒரே வருஷத்து வண்டி. அதனாலேயே இரண்டு பேருக்கும் ஆகாது. எந்தக் காலத்திலோ ஒரு கோப்பைக்காக முட்டிக்கொண்டவர்கள். லாயிட் நீட்டினால் கோர்டி ஒரு வாய் காபி கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

போதாக்குறைக்கு, இந்தக் கோடை முழுக்க லாயிட் தன் வண்டியை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவந்தார். ஓட்டி வராத வண்டிக்கு இந்தக் கூட்டத்தில் மரியாதை கிடையாது.

“மகாராணி இன்னைக்கும் பல்லக்குலதான் வந்தாங்களா?” என்று கேட்டு, ஆப்பிள் பை பலகாரம் விற்றுக்கொண்டிருந்த ஹாரியட் கூடச் சிரித்தாள்.

“உள்ள புது இன்ஜினைப் போட்டு வச்சிருக்கான்” என்றார் கோர்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “ஓட்டிட்டு வந்தா சத்தமே காட்டிக் குடுத்துடும். அதான் டிரெய்லர். பழைய வண்டின்னு ஊரை ஏமாத்துறதுக்கு இது ஒரு வழி.”

லாயிட் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இன்ஜின்னா எப்படி இருக்கணும்னு இங்க வந்து பாரு.”

கோர்டி தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு, பழைய இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்தது. லாயிட் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கோர்டி வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அவர் செய்கிற காரியம்தான் அது.

“கண்ணு வைக்காதய்யா” என்றபடி இறங்கினார் கோர்டி. வண்டியை அணைக்கவில்லை.

அவர் பக்கத்து இருக்கையில் ஒரு மஞ்சள் ஸ்கார்ஃப் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி ஆர்டிஸுடையது.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில், ஆர்டிஸை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ராப்பகலாக அலைந்ததில், வண்டியின் ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க மறந்துவிட்டார் கோர்டி. தண்ணீர் உறைந்து விரிந்ததில் இன்ஜின் வெடித்துவிட்டது. கல்யாணத்தன்று அவர்கள் ஊர்வலம் போன வண்டி அது.

“இன்னும் ஒரே ஒரு தடவை நம்ம வண்டியில கண்காட்சிக்குப் போகணும்” என்று மட்டும்தான் ஆர்டிஸ் கேட்டாள். வேறு எதையும் கேட்கும் நிலையில் அவள் இல்லை.

கோர்டி தேடாத இடமில்லை. கடைசியில் மெக்கானிக் டெட்தான் எங்கிருந்தோ ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார். ஏதோ பண்ணைக் கொட்டகையில் கிடந்ததாம்.

போன செப்டம்பரில் ஆர்டிஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். எல்லோருக்கும் கை காட்டினாள். பனி விழுவதற்குள் போய்விட்டாள்.

“சங்கத் தலைவராச் சொல்றேன்” என்றார் கோர்டி. “இப்பவே திற. இல்ல, உன் பேரை சங்கத்திலிருந்து அடிச்சிடுவேன். அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வரக்கூடாது.”

சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது. லாயிட் ஒண்டிக்கட்டை. இந்த ஞாயிற்றுக்கிழமைகளை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“திறந்து காட்டிட்டுப் போயேன் லாயிட்” என்றாள் ஹாரியட். இப்போது அவள் சிரிக்கவில்லை. “என்ன ஆயிடப் போகுது?”

லாயிட் எழுந்து நாற்காலியை மடக்கினார்.

“பேரை அடிச்சிடு கோர்டி. நான் கெளம்புறேன்.”

அதுதான் கோர்டிக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தையே விட்டுப் போகிறவன், பானட்டை மட்டும் திறக்கமாட்டானாமே. நாலே எட்டில் போய், கொக்கியை நீக்கி, பானட்டைத் தூக்கிவிட்டார்.

உள்ளே புது இன்ஜின் இல்லை. பழைய இன்ஜினும் இல்லை. கூட்டிப் பெருக்கி வைத்த அறை மாதிரி வெறுமையாக இருந்தது. அறுந்து நின்ற குழாய்களின் முனையில் தூசி போகாமல் பழந்துணி சுற்றியிருந்தது.

கோர்டியின் வண்டி இன்ஜின் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கய்யா இன்ஜின்?” என்றார் கோர்டி. “வித்துத் தின்னுட்டியா?”

லாயிட் பக்கத்தில் வந்து பானட்டை மெதுவாக மூடினார். கோர்டியின் கை பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“குளிர் வந்துருச்சு கோர்டி. இந்த வருஷமாவது மறக்காம தண்ணிய வடிச்சிடு. அதுவும் வெடிச்சா, உனக்குக் குடுக்க என்கிட்ட வேற இன்ஜின் இல்ல.”